வெள்ளைக்காரி ஆட்டத்துக்குத் தீர்மானம் வைத்த கதை

பிரிக்பீல்ட்ஸ் பஜனை மடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் கையிலிருந்த ஜால்ராவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவர், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பதுபோல மெதுவாக எடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து சுண்டல் விநியோகம் என் பொறுப்பு என்றார்கள். ஆதி தாளத்துக்கும் ரூபக தாளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். கையால் போட்டுக் காட்டச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். அப்படிப்பட்ட நான், பரம்பரையாக மிருதங்கம் வாசிக்கிற குடும்பத்து ஆள் ஒருவருக்குத் தாள விஷயத்தில் யோசனை சொன்னேன். சொன்ன ஒரு மாதத்துக்குள் அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பல் ஏறினார்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். நான் கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணி; அவர் பட்டறையில் பாய்லருக்கு ரிவெட் ஆணி அடிப்பவர். பகலெல்லாம் இரும்பைத் தட்டிவிட்டு வந்து, குளித்து, விபூதி பூசி, சாயங்காலம் தோலைத் தட்ட உட்காருவார். தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்களில் ஆட்டத்துக்கு மிருதங்கம் வாசித்த குடும்பம். அண்ணன் தம்பி ஐந்து பேர், ஊரில் ஆட்டம் வருஷத்துக்கு நாலு என்று ஆனபோது இவர் மலாயாவுக்கு வந்துவிட்டார்.

ரப்பர் விலையும் ஈய விலையும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்த காலம் அது. முதலில் தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு ரவாங் பக்கத்து ஈயச் சுரங்கங்களில், அதாவது லம்பங்களில், பம்பை நிறுத்தினார்கள். இழுப்பதற்குச் சரக்கு இல்லாமல் ரயில் வெறும் வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டறைப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாவது பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இன்னும் ஐந்து வாரம் வேலை. அதற்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குச் சர்க்கார் செலவில் கப்பல் சீட்டு.

"ஓசிச் சீட்டுதானே, போய்ச் சேருங்க தம்பி. ஊர்ல நாலு அண்ணன் தம்பி இருக்காங்கன்னு சொல்லுவீங்களே" என்றேன், ஆறுதலாக.

"அதான் அண்ணே பயமா இருக்கு. நாலு பேரு இருக்காங்க" என்றார்.

வேறு வேலை தேடாமல் இல்லை. காஜாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கேட்டார். கேட்ட இடத்திலேயே தோட்டத்துக் கிராணி இவரிடம் வேலை இருக்கிறதா என்று விசாரித்தாராம். கிள்ளானுக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கேட்டார். அங்கே மூட்டையைவிட ஆள் அதிகம். இந்த நாட்டில் தங்குவதற்கு ஏதாவது ஒரு வழி கிடைத்தால் போதும், இல்லாவிட்டால் கப்பல் என்று நிலைமை ஆகிவிட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அழுவதும், இரண்டு பெண் பிள்ளைகளும் அம்மாவைப் பார்த்து அழுவதும் எங்களுக்குக் கேட்கும். என் மனைவி கீரை நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டக் கம்பெனி வந்தது. நாடகக் கம்பெனி இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மாறி ஊர் ஊராக ஆடிக்கொண்டு வரும் பாலே கம்பெனி. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர்களுடைய பெட்டிகளை நான்தான் ஷெட்டில் சரிபார்த்து ஒப்படைத்தேன். அவர்களுடைய மானேஜர் ஒல்லியான மனிதர், இங்கிலீஷ்காரர் இல்லை. அவருடைய இங்கிலீஷ் எங்கிருந்தோ வந்தது, என்னுடையது சரக்கு ரசீதிலிருந்து வந்தது. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

பெட்டிகளை எண்ணி முடித்ததும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஆட்டத்துக்கு இந்திய மத்தளம் வேண்டும், சிங்கப்பூரில் வாசித்தவன் கூட வர மறுத்துவிட்டான், உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இங்கே நன்றாக நடந்தால் பினாங்குக்குக் கூட்டிப்போவதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

பேசலாம் என்றுதான் சொன்னார். அது ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து வருவதற்குள் என் வாயில் வளர்ந்துவிட்டது. பெட்டிகளில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர்களை நான் பார்த்திருந்தேன்: கொழும்பு, பம்பாய், கெய்ரோ. "பினாங்கோட முடியாது தம்பி. கொழும்பு, பம்பாய், அப்புறம் கெய்ரோன்னு ஒரு ஊர்" என்றேன். அவை அவர்கள் போகப்போகிற ஊர்களா, வந்து முடித்த ஊர்களா என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை இல்லை. அவர் மனைவி வாசலுக்கு வந்து, "அக்கா, கெய்ரோவுல அரிசி கிடைக்குமா?" என்று என் மனைவியைக் கேட்டார். என் மனைவி என்னைக் காட்டி, "அவரு போயிட்டு வந்த மாதிரி சொல்றாரு, அவரையே கேளு" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பட்டறையில் இரண்டு நாள் லீவு சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம் டவுன் ஹாலில் ஒத்திகை. மொழிபெயர்ப்பாளன் என்ற ஹோதாவில் நானும் போனேன். போனதும் அவர் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, ரவை வேணும்" என்றார். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் கனத்த நாதம் வரும். கிளம்புகிற அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அவர் தண்ணீர் தெளித்து அதைப் பிசைவதைப் பார்த்த மானேஜர், "சாப்பிட்டு முடிக்கட்டும், அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார்.

ஆட வந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். நெட்டையான உடம்பு, சாம்பல் நிறத்தில் பை மாதிரி ஒரு உடுப்பு, காலில் செருப்புக்கூட இல்லை. பியானோ இல்லை, பாட்டு இல்லை, மிருதங்கம் மட்டும். அவள் மேடையைச் சுற்றி நடப்பாள். நடை வேகமாகும், மிருதங்கமும் வேகமாகும். பிறகு ஏதோ ஒன்று இல்லை என்று தெரிந்ததுபோல நடை தளரும், வட்டம் சிறிதாகும், நடுவில் வந்து விழுவாள். விழுந்ததும் எல்லாம் நிற்க வேண்டும். இருபது எண்ணுகிற நேரம் சத்தமே கூடாது. அப்புறம் திரை இறங்கும். மானேஜர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார். அந்த மௌனம்தான் ஆட்டம், முன்னால் நடப்பதெல்லாம் அதற்குப் போகிற வழி என்றார். நான் தமிழில் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். "விழுந்ததுக்கு அப்புறம்?"

"ஒண்ணும் கிடையாது. சும்மா இருக்கணும்."

"தீர்மானம்?"

"வேணாமாம்."

"அப்ப ஆட்டம் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"அவ படுத்திருக்கிறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்போல."

அவர் அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தார். "பாவம்" என்றார்.

மூன்று தடவை ஒத்திகை நடந்தது. மூன்று தடவையும் அவள் விழுந்ததும் அவர் கையைத் தூக்கிக்கொண்டார். கையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். தும்மல் வந்து வராமல் நிற்கிற மனிதனின் முகம்.

தீர்மானம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு, என்னைப் போன்ற இன்னொரு தெரியாதவன் சொல்கிறேன். நம் ஆட்டத்தில் ஒரு பகுதி முடியும்போது, ஒரே தாளச் சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, மூன்றாவதன் கடைசி அடி தாளத்தில் கச்சிதமாக வந்து விழும்படி நிறுத்துவார்கள். அது விழாமல் ஆடுகிறவள் நகர மாட்டாள், பார்க்கிறவன் மூச்சு விட மாட்டான். மோர்ச்சாதம் இல்லாமல் இலையை மடக்குகிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

வீடு திரும்பும் வழியில்தான் என் யோசனை பிறந்தது. அந்த வாரம் யாரோ கழித்துப்போட்ட இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் நவீன ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். பாதி புரிந்தது; பாதி புரிந்தால் பேசுவதற்குத் தாராளமாகப் போதும். "தம்பி, இவங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியுது, முடிக்கத் தெரியல. அதுதான் நவீனம்னு பேரு வச்சுக்கிட்டுத் திரியறாங்க. நீங்க சனிக்கிழமை ஒரு தீர்மானம் வைங்க. பெரிசா வேணாம், சின்னதா. கேட்டதும் அசந்துபோயிடுவாங்க. அப்புறம் உங்களை விட்டுட்டுப் பினாங்குக்குப் போவாங்களா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சம்மதம் தெரிவிக்காதவர்களை அப்படித்தான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். முன் வரிசைகளில் துரைமார்களும் துரைசானிகளும். அவர்களுக்குப் பின்னால் சீனத் தவுக்கே முதலாளிகள். கடைசியில் நாங்கள்: கிராணிகள், மூன்று பட்டறைக்காரர்கள், என் மனைவி, பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. பட்டறைக்காரர்கள் மிருதங்கத்துக்காக வந்தவர்கள். அவர்கள் பெயரும் பலகையில் இருந்ததால் பொழுது நிறைய இருந்தது.

ஐந்து உருப்படி, ஒன்றுக்கொன்று உறவில்லாத கதம்பம். முதலில் வெள்ளைப் பாவாடைப் பெண்கள் பியானோவுக்குக் கட்டைவிரல் நுனியில் நின்று ஆடினார்கள். என் மனைவி குனிந்து தன் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இரண்டாவது, ஆறு பேர் கறுப்பு உடுப்பில் யந்திரமாக ஆனார்கள். முழங்கை போய் வரும், தலை சுழலும், ஒருவன் மட்டும் கீழே குந்திக்கொண்டு நீராவி விடுவான். எங்கள் வரிசைக்கு அது நன்றாகப் புரிந்தது. "மூணாவது ஆளுக்கு பேரிங் போச்சு லா" என்றார் பட்டறைக்காரர் ஒருவர். "மாத்த மாட்டானுங்க. ஆளைத்தான் மாத்துவானுங்க" என்றார் அடுத்தவர். மூன்றாவது, ஒரு ஆணும் பெண்ணும் ஒரு நாற்காலியும். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர கடைசிவரை யாரும் உட்காரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த தவுக்கே அந்தக் குறையைத் தீர்ப்பதுபோலத் தன் நாற்காலியில் இன்னும் ஆழமாக இறங்கித் தூங்கினார்.

நான்காவது எங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் மேடையின் ஓரத்தில், சலவை வேட்டியில், மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் நடக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தாளம் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு அவள் காலும் அவர் கையும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை மாதிரி இருந்தன. வேகம் ஏறியபோது பட்டறைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள். துரைமார்கள்கூட விசிறுவதை நிறுத்தினார்கள். பிறகு தளர்ந்தது. வட்டம் சிறிதானது. அவள் நடுவில் நின்றாள், நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள். மிருதங்கம் நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு எண்ணியபோது அவர் கை இறங்கியது.

முதல் தடவை வாசித்தபோது மெதுவாகத்தான் இருந்தது. முன் வரிசையில் தலைகள் திரும்பின. இரண்டாவது தடவை கொஞ்சம் நிமிர்ந்தது. திரை இழுக்கிற ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர், இன்னும் பாக்கி இருக்கிறது போலிருக்கிறது என்று கயிற்றை விட்டுவிட்டார். மேடையில் செத்துக்கிடந்த அம்மாளின் வலது கால் பெருவிரல் அசைந்ததை நான் பார்த்தேன். முன்னால் யாரோ ஒரு துரைசானி சிரித்தாள். மூன்றாவது தடவை முழுக் கையோடு வாசித்தார். கடைசி அடி விழவேண்டிய இடத்தில் விழுந்தது. அதைவிடச் சரியாக ஒரு காரியம் முடிந்து நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கள் வரிசையில் மூன்று பட்டறைக்காரர்களும் "சபாஷ்" என்றார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. திரை இறங்காததால் அந்த அம்மாள் எழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு, நடந்து உள்ளே போக வேண்டியிருந்தது.

ஐந்தாவது உருப்படி ரிப்பன்களோடு ஏதோ குதூகலமாக நடந்தது. நான் பார்க்கவில்லை.

உள்ளே போனபோது மானேஜர் பெட்டி கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாதையாக, பினாங்கில் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்றார். அந்த அம்மாள் தோளில் துண்டோடு வந்தாள். மிருதங்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மிக அழகாக இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு என்னால் செத்திருக்க முடியவில்லை" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாங்க அண்ணே?"

"ரொம்ப அழகா இருந்துச்சாம்."

"பினாங்கு?"

இந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ ரசீதுகளில் 'இல்லை' என்று எழுதிய கை என்னுடையது. வாய்க்கு அது வரவில்லை. "யோசிக்கிறாங்களாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வடக்கே போகிற வண்டியில் கம்பெனி கிளம்பியது. பெட்டிகளை ஏற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மிருதங்கம் உறையில் இருந்தது. ஒரு சின்னத் துணிமூட்டை. கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், வழியனுப்ப.

வண்டியில் கதவு சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தது. மானேஜர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். மானேஜர் அவருக்கும் தொப்பியைத் தூக்கினார். வண்டி போய்விட்டது.

"இல்லைன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றேன்.

"எப்ப?"

"நேத்தே."

அவர் கோட்டைக் கழற்றி மடித்து மனைவியிடம் கொடுத்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே, உங்களுக்குச் சொல்ல மனசு வந்திருக்காது" என்றார். மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தார். மறுநாள் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனார். இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. போகப்போகிறவர்களுக்கு அடிக்கிற வேலை இல்லையாம், பழைய பாய்லரிலிருந்து ஆணி பிடுங்குகிற வேலை கொடுத்தார்களாம்.

அவர்கள் கிளம்பிய அன்று நான் லீவு போட்டுவிட்டுத் துறைமுகம் வரைக்கும் கூடப் போனேன். கிள்ளான் தாண்டியதும் ரயிலில் பேச்சு நின்றுவிட்டது. துறைமுகத்தில் தோட்டத்து ஜனங்கள் பானை, பாய், கோழிக்கூடு என்று வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை, அழுகையெல்லாம் தோட்டத்திலேயே முடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒரு கங்காணி கையில் சீட்டு வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணினார். எண்ணிக்கை சரியாக வரவில்லை. மறுபடியும் எண்ணினார்.

தீர்மானத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு தூரம் போனது. என் பேச்சைக் கேட்டதால்தானே இப்படி ஆயிற்று, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வாக்கியம் நன்றாகவே அமைந்திருந்தது. அவரோ, "அண்ணே, அந்த அம்மா ரெண்டாவதுல காலை அசைச்சுதே, பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்."

"எழுந்திரிச்சு ஆடிடும்னு நெனச்சேன்" என்றார். அதற்குள் அவர்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னப் பெண் மட்டும் திரும்பிப் பார்த்தது. என்னை இல்லை, பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தவரை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு வந்தது. அண்ணன்மார் நலம் என்று இருந்தது. அவ்வளவுதான். நான் இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. பக்கத்து வீடு கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாததால் இந்தப் பக்கம் நாங்களும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டோம்.

துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, அவரிடம் சொல்லாததை என் மனைவியிடம் சொன்னேன். யோசனை என்னுடையது, அந்த மனிதனைக் கப்பலேற்றியது நான்தான், என் ஆயுசுக்கும் இந்தப் பாரம் போகாது என்றெல்லாம், தயாராக இருந்த வாக்கியத்தையும் சேர்த்து. குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்றுகூட நினைக்கிறேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"பதினேழு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன். நீங்க சொன்னீங்கன்னு இந்த வீட்டுல ஒரு ஜன்னலைக்கூட யாரும் சாத்தினதில்ல" என்றாள். "அவரு மட்டும் கேட்டிருப்பாராக்கும்."